ரீபோர் செய்ததாகச் சொல்லி 48,000 ரூபாய், இன்ஜினைத் திறக்கவே இல்லை

பழைய கார் ஆயில் குடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் கிளம்புகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கோவையில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க் ஷாப்பில் எனக்கு நடந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

கார் 2012 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல். லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் ஆயில் குறைய ஆரம்பித்தது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போல. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை குப்பென்று வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கோத்தகிரியிலிருந்து கியரிலேயே இறங்கி, மேட்டுப்பாளையம் வந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிற அளவுக்குப் புகை. மற்றபடி ரோட்டில் ஓடும்போது ஒன்றும் தெரியாது.

இவ்வளவையும் அந்த ஒர்க் ஷாப்பில் சொன்னேன். அங்கிருந்தவர் ஆயில் மூடியைத் திறந்து அதன் மேல் கையை வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். "ரிங் போச்சு சார், இன்ஜின் முடிஞ்சுது." பிஸ்டனைச் சுற்றி, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையத்தைத்தான் ரிங் என்றார். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் என்ற ஒன்றை எடுக்கவே இல்லை. புது இன்ஜின் என்றால் வண்டி விலையையே தாண்டும், செகண்ட் ஹேண்ட் இன்ஜின் 55,000, ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, புது பிஸ்டன் போட்டால் 48,000 என்றார். இன்ஜினை மாற்றினால் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டும் என்று பயமும் காட்டினார். அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, முன் அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது சிக்கல், இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் தகராறு வரலாம். பில் இல்லாத பழைய இன்ஜின் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று யாருக்குத் தெரியும்? அதனால் ரீபோருக்குச் சரி என்றேன்.

வேலை நடக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. தட்டில் கரி பிடித்த பழைய பிஸ்டன்கள். "பாருங்க சார், எப்படித் தேஞ்சிருக்குன்னு." வண்டியை எடுத்தபோது புகையே இல்லை. மூன்று மாதம் போல நன்றாக ஓடியது. அடுத்த ஆயில் சர்வீஸ் செய்ததும் பழைய குருடி கதவைத் திறடி. போன் செய்தால், "ரிங் செட் ஆக டைம் எடுக்கும் சார்" என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

சிங்காநல்லூர் பக்கம் வயதான ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவர் முதலில் பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் பார்த்தார். மூன்று சிலிண்டரிலும் 170 பி.எஸ்.ஐ.யை ஒட்டியே காட்டியது. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் சந்தை அடைத்து அளவு நன்றாக ஏறும். ஏறவில்லை. "ரிங் நல்லாத்தாங்க இருக்குது. இது வால்வ் சீல்." வால்வுத் தண்டு வழியே ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர் அது. மலையில் கியரில் இறங்கும்போது காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயில் வெற்றிடம் கூடி, தேய்ந்த சீல் வழியே ஆயிலை உள்ளே இழுக்கும், ராத்திரி நின்ற வண்டியில் ஆயில் சொட்டி இறங்கிக் காலையில் எரியும். ரிங் போன வண்டி என்றால் லோடு கொடுக்கும்போதெல்லாம் புகை தள்ளும்.

ரீபோர் செய்தபிறகு ரிங் நன்றாக இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியை லிஃப்டில் தூக்கி, அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைச் சுற்றி கம்பெனி வைத்த பழைய சீலன்ட், அதன் மேல் தூசியும் ஆயிலும் சேர்ந்து இறுகிய கருப்புப் பிசுக்கு. போல்ட் தலைகளில் மண் அப்பியிருந்தது, ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. சம்ப்பை இறக்காமல் என் இன்ஜினில் பிஸ்டனை வெளியே எடுக்க வழியே இல்லையாம். கடைசியாக அந்த வாட்ஸ்அப் போட்டோவைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "உங்க வண்டி மூணு சிலிண்டர். தட்டுல நாலு பிஸ்டன் இருக்குதுங்களே."

புகை நின்றது எப்படி என்றால், கம்பெனி சொன்ன 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதில் கெட்டியான ஆயிலை ஊற்றியிருக்க வேண்டும் என்றார். கெட்டி ஆயில் சீலில் கசிவது குறைவு. வழக்கமான ஆயில் மாற்றியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்காமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டு, சீல் மட்டும் மாற்றினார். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பி.சி.வி. வால்வும் அடைத்திருந்தது, சில நூறு ரூபாய் சாமான். எல்லாம் சேர்த்து 7,500. இப்போது ஆயில் குறைவது கேஜ் குச்சியில் சரியாகத் தெரிவதுகூட இல்லை.

இன்ஜினில் கை வைப்பதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். வருடம் 10,000 கிலோமீட்டர், அரை லிட்டர் வீதம் ஐந்து லிட்டர் ஆயில். லிட்டர் 450 என்று வைத்தாலும் 2,250 ரூபாய். சில கம்பெனிகள் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை சாதாரணம் என்றே சொல்கின்றன. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றுகிறது, ஏனென்றால் எரிகிற ஆயில் பிளக்கையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். ஆனாலும் குச்சியைப் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டுவது 48,000 செலவை விட மோசமான முடிவு இல்லை. நிஜமாகவே ரீபோர் தேவை என்றால், லேத்தில் கொடுத்த பில்லில் ஓவர்சைஸ் அளவு, அதாவது சிலிண்டரை எவ்வளவு பெரிதாக்கினார்கள் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பிஸ்டனைப் போட்டோவாக அல்ல, கையில் கேளுங்கள்.

என்னிடம் உள்ள பில்லில் "இன்ஜின் வேலை" என்று மட்டும்தான் இருக்கிறது, ஜி.எஸ்.டி. நம்பர் கிடையாது. சிங்காநல்லூர்க்காரர், அதே தொழிலில் இருப்பதால் சாட்சி எழுதித் தரத் தயங்கினார். கம்ப்ரஷன் அளவுகளை மட்டும் தன் பில்லில் எழுதிக் கொடுத்தார். அதையும், சம்ப் போட்டோக்களையும், நாலு பிஸ்டன் படத்தையும் வைத்து முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைனில் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் போனதும் ஒர்க் ஷாப்பிலிருந்து போன் வந்தது, பாதிப் பணம் தருகிறார்களாம். முழுப் பணமும் அந்த 7,500-ம் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.