நிகோலிச் சொன்னதும் டோடிக் சொன்னதும் ஒன்றா?

1995 ஜூலையில், பொஸ்னியப் போரின்போது, ஸ்ரெப்ரெனிட்சா நகரைப் பிடித்த பொஸ்னிய செர்பியப் படையினர் 8,000-க்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றார்கள். அதைப் பற்றி 2012-ல் செர்பிய அதிபராகப் பதவியேற்ற டோமிஸ்லாவ் நிகோலிச், நடந்தது இனப்படுகொலை இல்லை, ஆனால் கொடிய போர்க்குற்றங்கள் நடந்தன, செய்தவர்களைத் தண்டிக்க வேண்டும் என்றார். பொஸ்னிய செர்பியத் தலைவர் மிலோராட் டோடிக்கோ 2019-ல், இனப்படுகொலை என்பதே இட்டுக்கட்டிய கதை என்றார்.

டோடிக் விஷயத்தில் விவாதிக்க ஒன்றுமில்லை, அப்பட்டமான மறுப்பு.

நிகோலிச்சிடம்தான் சிக்கல். கொலைகளை அவர் ஒப்புக்கொண்டார், அதனால் போர்க்குற்றத்தையே மறுத்தார் என்று சொல்ல முடியாது. சரி, அப்படியானால் வெறும் சட்டக் கருத்து வேறுபாடா? அதுவும் இல்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவில் நடந்த போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு 2004-லேயே இனப்படுகொலை என்று உறுதி செய்துவிட்டது, 2007-ல் சர்வதேச நீதிமன்றமும் அதையே சொன்னது, அதற்கெல்லாம் பிறகு ஒரு நாட்டின் அதிபர் இல்லை என்று சொல்வது பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் முகத்துக்கு நேராகச் சொல்வதுதான். 2013-ல் மன்னிப்புக் கேட்டபோதும் இனப்படுகொலை என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

என்னைக் கேட்டால் இருவருமே மறுத்தவர்கள்தான். ஆனால் குற்றவாளிகளைத் தண்டிக்கச் சொன்னவரையும் இனப்படுகொலையே கட்டுக்கதை என்றவரையும் ஒரே தட்டில் வைத்தால், அதில் தப்பித்துக்கொள்பவர் டோடிக்.