புயலில் பறப்பது: தகரமா, ஓடா?

மணிக்கு 140 கி.மீ. காற்று, எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பை சுமார் 90 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கூரைத் தகரம் அந்தப் பரப்புக்கு 4 கிலோதான். தள்ளுவிசை எடையைவிட இருபது மடங்குக்கு மேல். இந்த விகிதத்தைத்தான் தச்சிகாவா எண் என்கிறார்கள். தகரம் சுழல ஆரம்பித்துவிட்டால் தூக்குவிசையும் சேரும், கூரைக்கு மேலேயே ஏறிவிடலாம். கிளம்பும்போது சாய்வு கொஞ்சம் மாறினாலும் பாதை மாறும். எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மங்களூர் ஓடு? ஒன்று இரண்டரை கிலோ. அதன் மேல் விழும் தள்ளு ஒன்பது கிலோ அளவுதான். சீக்கிரம் தரைக்கு வந்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அது போதும்! இருந்தாலும் முதலில் ஜே போல்ட்டை (கூரையைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் கொக்கி போல்ட்) முடுக்க வேண்டியது தகரத்துக்குத்தான்.