பத்மினிக்கு வேறு இன்ஜினா, இருக்கிற இன்ஜினுக்கே வைத்தியமா?

மதுரைப் பக்கம் பழைய பியட், அதாவது பிரீமியர் பத்மினி கார் வாங்கியவருக்கு மெக்கானிக்கிடமிருந்து சீக்கிரமே ஒரு யோசனை வரும்: "இந்த இன்ஜினோட ஏன்ணே மல்லுக்கட்டுறீங்க? ஜிப்ஸி இன்ஜினைத் தூக்கி வச்சிருவோம்." ஜிப்ஸி என்பது மாருதியின் ஜீப். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பத்மினி இன்ஜின் 1089 சிசி, 40 குதிரைத்திறன் சொச்சம். மே மாத வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நாலு நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்துவிடும். இருந்தாலும் என் ஓட்டு பழைய இன்ஜினுக்கே.

முதலில் மாற்று இன்ஜின். பத்மினி பின்சக்கர இழுவை வண்டி. இன்ஜின் நீளவாக்கில் உட்காரும். முன்சக்கர இழுவையான மாருதி 800, எஸ்டீம் ஆகியவற்றின் இன்ஜின்–கியர்பாக்ஸ் செட் குறுக்குவாக்கில் நிற்பது என்பதால் அப்படியே பொருந்தாது. ஆம்னி செட் நீளவாக்கில் வரும், ஆனால் 796 சிசி. இருந்ததையும் குறைத்துக்கொள்வதற்கு எதற்குச் செலவு? மிச்சம் இருப்பவை இரண்டு: 118என்.இ காரின் 1171 சிசி நிசான் இன்ஜின், ஜிப்ஸியின் 1298 சிசி. முன்னதும் பத்மினியைச் செய்த பிரீமியர் கம்பெனியின் வண்டியில் வந்ததுதான். இன்று அதற்குப் பாகம் தேடுவது பத்மினிக்குத் தேடுவதைவிடச் சிரமம். ஜிப்ஸி இன்ஜினுக்குப் பாகம் கிடைக்கும், இழுவை கூடும், ஏ.சி. போட்டாலும் தாங்கும். டீசல் மாற்றம் பெரும்பாலும் டாக்ஸிக் காலத்து ஏற்பாடு, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இன்ஜின் மாறினால் அதோடு சேர்ந்து மாறுபவை நிறைய. இன்ஜின் உட்காரும் மவுண்டிங்கைப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப், வண்டியின் முன் குறுக்குச் சட்டத்தில் (கிராஸ் மெம்பர்) இடிக்கும். சம்ப்பை வெட்டி ஒட்டுவார்கள். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்றி லேத்தில் பேலன்ஸ் பார்க்காவிட்டால் வேகம் கூடும்போது வண்டி முழுக்க அதிரும். ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட் கியர் போய், தரையில் நிற்கும் ஃப்ளோர் கியர் வரும். அதற்கு நடுத் தளத்தில் ஓட்டை வெட்ட வேண்டும். கிளட்ச் இணைப்பு, ஸ்பீடோமீட்டர் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ் வரும் பக்கம் எல்லாம் வேறு. இத்தனைக்கும் பிறகு, 40 குதிரைத்திறனுக்குப் போட்ட டிரம் பிரேக்தான் நாலு சக்கரத்திலும் இருக்கும்.

இதெல்லாம் பணத்தால் தீரும். பணத்தால் லேசில் தீராதது ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி வாங்கிப் புது நம்பரை ஏற்ற வேண்டும். "ஏத்தாமலே ஓட்டலாம், யார் பார்க்கப் போறா?" என்பார்கள். 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பத்மினி எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை. அங்கே நம்பரைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் பார்ப்பார். காயலான் கடையில் பில் இல்லாமல் வாங்கிய இன்ஜின் என்றால் அது எந்த வண்டியில் இருந்தது என்ற கேள்விக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

விற்கும்போது இது இன்னும் உறைக்கும். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருந்தால் 'விஏ' நம்பர் வாங்கலாம். 10 ஆண்டு செல்லும். அன்றாட ஓட்டத்துக்கு அந்த நம்பர் ஆகாது என்பது வேறு விஷயம். இதே காரின் முந்தைய பெயர்களான 1964 முதல் வந்த டிலைட், 1972-இன் பிரசிடென்ட், பிறகு 1974 முதல் வந்த பத்மினியில் முதல் சில வருட வண்டிகள் இந்த வயதை எட்டிவிட்டன. சேகரிப்பவர் பானெட்டைத் திறந்ததும் இன்ஜின் நம்பரைத்தான் தேடுவார். 1990-களின் வண்டி என்றால் இந்த வாதம் அவ்வளவு எடுபடாது, ஒப்புக்கொள்கிறேன். எப்படியும் மாற்றுவதுதான் என்று முடிவெடுத்தால் பழைய இன்ஜின், கியர்பாக்ஸ், ஹேண்ட் கியர் கம்பிகளை விற்காதீர்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு மூடி வையுங்கள்.

இனி பழைய இன்ஜினுக்கான வைத்தியம். இதில் வரிசை முக்கியம். முதலில் ரேடியேட்டர். வருடக்கணக்காகப் போர் தண்ணீர் ஊற்றியதில் குழாய்களில் உப்புப் படிந்திருக்கும். இறக்கி, தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். சூடு பாதி இதிலேயே அடங்கிவிடும்.

மிச்சச் சூட்டுக்கு ரேடியேட்டரில் மின்விசிறி போடலாம். ஆனால் அதற்கு முன், பேட்டரியை சார்ஜ் செய்யப் பழைய டைனமோ உள்ள வண்டியில் ஆல்டர்னேட்டர் போட வேண்டும். விசிறிக்கு 10 ஆம்பியர் அளவில் வேண்டும். ஐட்லிங்கில் டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது, எனவே விசிறியை முதலில் போட்டால் பேட்டரி காலியாகும். உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள ஆல்டர்னேட்டரை மாட்டினால் டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டியை இணைப்பிலிருந்து விலக்க வேண்டும், பேட்டரிக்குப் போகும் வயரையும் தடிமனாக மாற்ற வேண்டும். டேஷ்போர்டு சார்ஜ் விளக்கின் வயரை விட்டுவிடாதீர்கள். அந்த பல்பு வழியாக வரும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு பியூஸ் போனால் குறைந்த வேகத்தில் சார்ஜ் ஏறாது.

பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் போடுவது அரை நாள் வேலை. மாட்யூலுக்கு எத்தனை ஓம் காயில் வேண்டும் என்று பார்த்து வாங்குங்கள். 3 ஓம் கேட்கும் மாட்யூலுக்கு 1.5 ஓம் காயிலைக் கொடுத்தால் மாட்யூல் சீக்கிரம் கருகிவிடும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு வைப்பதும் ஆகாது. பழைய பாயின்ட், கண்டென்சரை வண்டியிலேயே வைத்திருங்கள். நத்தம் ரோட்டில் ராத்திரி மாட்யூல் போனால் அதுதான் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்தபின் பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் ஊறிக் கெடுகின்றன. ஹோஸை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் ஃபில்டர் ஒன்று போடுங்கள். காற்றோடு சேரும் பெட்ரோல் கலவை மெலிவதால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்ற வேண்டி வரலாம். பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால் பின்னால் டேங்க் அருகே எலக்ட்ரிக் பம்ப் வைக்கலாம், ஆனால் 3 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தள்ளும் பம்ப்தான் வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியின் பம்ப்பை மாட்டினால் கார்புரேட்டரின் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் வழிந்து கொட்டும்.

டயருக்குப் பெரிய யோசனை வேண்டாம்: 5.20-14-க்குப் பதில் 155 ரேடியல், நாலும் ஒரே ரகம்.

மிச்சப்பட்ட பணத்தை முன் டிஸ்க் பிரேக்கில் போடலாம். ஊருக்குள்ளும் அழகர்கோவில் வரையிலும் ஓடும் வண்டிக்கு நல்ல லைனிங் போட்டு சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம்மே போதும். கொடைக்கானல், சிறுமலை அடிக்கடி போகிறவர்களுக்கு டிஸ்க் பக்கமே சாய்வேன். ஆனால் மலை இறக்கத்தில் டிரம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது லைனிங்குக்கு லைனிங் வேறுபடுவதால் கறாராகச் சொல்ல மாட்டேன். டிஸ்க் போட்டால் பெடல் கனக்கும், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அது முன்பக்க லைனில் இருந்தால் பேடு டிஸ்க்கை விடாமல் உரசும். வேலை முடிந்ததும் பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, முன் சக்கரத்தின் நடுவில் கையை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வண்டியைப் பட்டறைக்கே திருப்புங்கள்.