‘தனிப் பயிற்சி’ என்று ரூ.18,000 வாங்கினார்கள், பிள்ளைகளுக்கு இன்னும் மிதக்கக்கூடத் தெரியாது

கும்பகோணம், பாபநாசம் பக்கம் பிள்ளைகளை நீச்சலுக்குச் சேர்க்க நினைக்கும் அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் நாலாவது தடவையாக, என் பிள்ளைகளைச் சேர்த்த நீச்சல் குளத்துக்குப் போய் என் பணத்தைக் கேட்டேன். உள்ளேகூட விடவில்லை. வாட்ச்மேனை விட்டுப் பேசி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. ரூ.18,000. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய பணம் அது.

எங்கள் வீடு அரசலாற்றங்கரை கிராமம் ஒன்றில் இருக்கிறது. கொல்லைப்பக்கம் இருபதடி தள்ளி வாய்க்கால். பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு ஆறு. கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை, அப்புறம் எங்கள் வாய்க்கால். நேற்றுவரை ஓடி விளையாடிய இடத்தில் இன்று ஆளை இழுக்கும் தண்ணீர். பிள்ளைக்கு அது புரியாது. டெல்டாவில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் வருஷா வருஷம் ஜூன் மாதம் வயிற்றில் இந்தப் பயம் வரும்.

என் அண்ணனும் தம்பியும் வாழைமரத் துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆற்றில் நீச்சல் கற்றவர்கள். மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்குவார். பெண் பிள்ளை என்று என்னைப் படித்துறையோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது. என் பெண்ணுக்கு அப்படி ஆகக் கூடாது என்று இருந்தேன். பையனோ போன ஆடிப்பெருக்கு அன்று படித்துறைப் பாசியில் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே கத்துவான்.

அதனால்தான் தேடிப் போனேன். கல்யாண மண்டபத்தோடு சேர்த்துக் கட்டிய தனியார் நீச்சல் குளம் ஒன்று. பேர் எழுத வேண்டாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான், எழுதவில்லை. ஏப்ரல் கடைசியில் போய்க் கேட்டேன். பேட்ச்சில் சேர்த்தால் ஒரு பிள்ளைக்கு ரூ.3,500. தனிப் பயிற்சி என்றால் ரூ.9,000. இரண்டுக்குமே 20 வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிஷம். இரண்டு பிள்ளைக்கும் பேட்ச் என்றால் ரூ.7,000தான் ஆகும். நான் அதைத்தான் கட்டுவதாக இருந்தேன். கையில் ஏழாயிரம்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கேதான் அந்த மாஸ்டர் வந்தார். முப்பது வயது இருக்கும், நல்ல பேச்சு. பையன் என் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றான். அவர் அவனிடம் நீச்சலைப் பற்றியே பேசவில்லை. குந்தி உட்கார்ந்து, “தம்பி, மீனுக்கு மூக்கு எங்க இருக்கு சொல்லு?” என்று கேட்டார். பேசிக்கொண்டே கையைப் பிடித்துக் குளத்தின் மூன்று படி இறக்கிவிட்டார். பத்து நிமிஷத்தில் என் பையன் வாயைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விட்டான். விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எட்டு மாதமாகத் தண்ணீரைக் கண்டாலே அழுத பிள்ளை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவர் சொன்னார்: “பாருங்க அக்கா, இந்த மாதிரி பயந்த பிள்ளையை பேட்ச்ல விட்டா ஓரத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே இருபது நாளும் போயிடும். தனியா என்கிட்ட விடுங்க. ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள மிதக்க விட்டுடறேன். பையன் என் பொறுப்பு.”

ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் என்றாரே, அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். என் மனதில் இருந்ததை அப்படியே எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது. அங்கேயே நின்று ரூ.18,000 முழுவதையும் ஜிபே பண்ணினேன். ரசீது கேட்டதற்கு, “மெசேஜ் வந்திருக்குமே மேடம், அதுவே போதும்” என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண். சரி என்று வந்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் சொன்னபடி நடந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஐந்து மணிக்குப் பையன், ஐந்தே முக்காலுக்குப் பெண். மாஸ்டரே தண்ணீரில் இறங்கிச் சொல்லித்தந்தார். மூன்றாம் நாள் போனால் அவர் இல்லை. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் நின்றான். குளத்தில் ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். என் இரண்டு பேரையும் அவர்களோடு சேர்த்து ஒரே நேரத்தில் இறக்கினான். மொத்தம் ஏழு. “மாஸ்டருக்கு வெளியூர்ல போட்டி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அக்கா” என்றான். அந்த ஒரு நாள் கடைசிவரை முடியவில்லை.

ஐந்தாம் நாள் நான் மணி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 45 நிமிஷத்தில் என் பையனை அந்தத் தம்பி தொட்டுச் சொல்லித்தந்தது ஆறு நிமிஷம்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேட்ச்சில் விட்டால் என்ன ஆகும் என்று அந்த மாஸ்டர் சொன்னாரோ அதுவேதான் நடந்தது, ரூ.18,000 வாங்கிக்கொண்டு. அந்த ஐந்து பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருவரிடம் கேட்டேன், எவ்வளவு கட்டினீர்கள் என்று. “மூவாயிரத்து ஐந்நூறுங்க” என்றார்.

அன்றே ரிசப்ஷனில் கேட்டேன். “மற்ற பசங்களோட சேர்ந்தாதான் மேடம் பயம் போகும், மாஸ்டர்தான் அப்படிப் பிளான் பண்ணியிருக்கார்” என்றார்கள். அப்படியானால் மீதிப் பணத்தைத் தாருங்கள் என்றதற்கு, “அக்கவுண்ட்ஸ்ல கேட்டுச் சொல்றோம்.” மாஸ்டருக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

எட்டாம் நாள் நடந்ததை எழுதக் கை நடுங்குகிறது. பெண் கம்பியிலிருந்து கை நழுவிவிட்டாள். மூன்றரை அடி ஆழம்தான், ஆனால் அவள் உயரமே அவ்வளவுதான். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடினாள், அவ்வளவுதான். விளையாடுகிறாள் என்றுதான் ஒரு நொடி நானே நினைத்தேன். தண்ணீரில் முங்குகிற பிள்ளைக்கு மூச்சு எடுக்கவே நேரம் இருக்காது, கத்துவது எப்படி? சினிமாவில் காட்டுகிற மாதிரி “காப்பாத்துங்க” என்று சத்தமெல்லாம் வராது, தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். நான் அலறியதும் பக்கத்தில் இருந்த இன்னொரு பிள்ளையின் அப்பா குதித்துத் தூக்கினார். சொல்லித்தர வேண்டிய தம்பி கரையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளத்தைச் சுற்றி ஒரு மிதவை வளையம் கிடையாது, ஒரு கழி கிடையாது. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது.

அதற்கு அந்தக் குளத்தின் பொறுப்பாளர் சொன்ன பதில்: “தண்ணி குடிக்காம யார் மேடம் நீச்சல் கத்துக்கிட்டாங்க?”

பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாதா? என் மாமியார் அன்று ராத்திரி முழுக்க அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே படுத்திருந்தார்.

அதற்குப் பிறகும் அனுப்பினேன். பணம் கட்டிவிட்டோமே, பையன் பாதியில் நின்றால் பயம் இன்னும் கூடிவிடுமே என்று. நான் தண்ணீர் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பதினோராம் நாளோடு குளத்தையே மூடிவிட்டார்கள். ஃபில்டர் மோட்டார் ரிப்பேர். தண்ணீர் பச்சையாகி அடித்தரையே தெரியவில்லை. “இரண்டு நாள்” என்றார்கள், “திங்கள்கிழமை” என்றார்கள், அப்புறம் பள்ளிக்கூடமே திறந்துவிட்டது. 20 வகுப்பில் நடந்தது 11. அதில் சொன்னபடி தனியாக நடந்தது 2. கட்டியது ரூ.18,000.

பணம் கேட்டு நான் நடந்த கதை தனி. முதல் தடவை, “ஓனர் ஊர்ல இல்ல.” இரண்டாம் தடவை, “உங்க பிள்ளைங்க பதினோரு நாள் வந்திருக்காங்களே, அப்புறம் எப்படி ரிட்டர்ன்?” மூன்றாம் தடவை, “அடுத்த வருஷ சம்மருக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்.” அடுத்த வருஷமா? வாய்க்காலில் தண்ணீர் வருவது இந்த வாரம்! நேற்று நாலாம் தடவை வாட்ச்மேன் பெரியவர், “நான் என்னம்மா பண்றது, உள்ள விடக் கூடாதுன்னுட்டாங்க” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குறைந்தது பேட்ச் கட்டணம் ரூ.7,000 போக மீதி ரூ.11,000 தாருங்கள் என்றுகூட இறங்கி வந்தேன். அதற்கும் பதில் இல்லை.

தனியா, பேட்ச்சா, எதில் சேர்ப்பது என்று விளக்கமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஓடவில்லை. என் பையனின் பள்ளி பிடி மாஸ்டர் சொன்னதை மட்டும் சொல்கிறேன். தண்ணீரைக் கண்டு மிரள்கிற பிள்ளைக்கு முதல் சில வகுப்பு தனியாக இருந்தால் நல்லதுதான், மூச்சு விடவும் மல்லாந்து மிதக்கவும் பழகும்வரை. அதற்கு 20 வகுப்பு தேவையில்லை. அதன் பிறகு நாலைந்து பிள்ளைகள் உள்ள பேட்ச் போதும், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்வார்கள், செலவும் குறைவு. பயமே இல்லாத பிள்ளைக்கு முதலிலிருந்தே சின்ன பேட்ச் போதும். ஆனால் ஒரு மாஸ்டருக்கு எத்தனை பிள்ளை என்று கேட்காமல் சேர்க்காதீர்கள். 45 நிமிஷத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் உங்கள் பிள்ளைக்கு நாலரை நிமிஷம்தான்.

மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கட்டாதீர்கள். ஐந்து வகுப்புக்குக் கட்டிப் பாருங்கள். எந்த மாஸ்டர், எத்தனை பேர், வகுப்பு நடக்காவிட்டால் என்ன என்பதை எழுதி வாங்குங்கள், ரசீதும் கையில் வாங்குங்கள். தண்ணீரில் அடித்தரை தெரிகிறதா, மிதவை வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய் வாருங்கள் என்று சொன்னால் போகாதீர்கள், போனையும் பையில் போட்டுவிட்டு உட்காருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் குளங்களும் சில ஊர்களில் இருக்கின்றன, தனியாரிடம் போகும் முன் அங்கே விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. குளத்தில் நீந்தத் தெரிந்தாலும் ஆறு வேறு. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் கிடக்கின்றன, மதகு ஷட்டர் பக்கம் சுழல் இருக்கும். பிள்ளையைத் தனியாக விடவே விடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். தஞ்சாவூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கொடுக்கப் போகிறேன். ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ரசீது இல்லாவிட்டாலும் ஜிபே விவரமும், அந்த நீலக் கோடு விழுந்த மெசேஜ்களும், நான் காலண்டரில் குறித்துவைத்த 11 நாளும் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான். அப்பா வயலில் பம்புசெட் தொட்டி இருக்கிறது, இடுப்பளவு ஆழம். வாழைமரம் ஒன்றை வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறான். பையன் காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டான், “மாமா கூடவே தண்ணியில இறங்குவாராம்மா?” என்று. இந்த முறை நானும் இறங்கப் போகிறேன்.

பணம் வந்தால் எழுதுகிறேன். ரூ.18,000-இல் இதுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.