வேகம் ஒன்று, சூடு வேறு: யு சிப்பா, எச் சிப்பா?

நானும் மச்சானும் ஒரே வாரத்தில் லேப்டாப் வாங்கினோம். என்னுடையதில் இன்டெல் கோர் ஐ5-1235யு சிப்பு (பிராசஸர்), அவருடையதில் ஐ5-12450எச். இரண்டுமே 12ஆம் தலைமுறை. பெட்டியில் போட்டிருந்த உச்ச வேகமும் ஒன்றுதான், 4.4 கிகாஹெர்ட்ஸ். "அப்புறம் எதுக்கு மாப்ள உன்னோடது விலை கம்மி?" என்று கடையிலேயே கேட்டார்.

அந்தக் கடைசி எழுத்துதான் காரணம். யு சிப்புக்கு அடிப்படை மின்திறன் 15 வாட், டர்போவில், அதாவது கொஞ்ச நேரம் வேகத்தைக் கூட்டி ஓடும்போது, 55 வரை போகும். எச் சிப்புக்கு 45, டர்போவில் 95. என்னுடையது 4.4-ஐத் தொட்டுவிட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். அவருடையது வேகத்தை இழுத்துப் பிடித்து ஓடும், விசிறி ஈடுகொடுக்கும் வரை.

வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள், செலவு 33 சதவீதம் கூடிவிடும். இழுக்கும் வாட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும்.

விலை, எடை, செங்கல் கனத்தில் சார்ஜர் எல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும். வாங்கும்போது யாரும் யோசிக்காதது பராமரிப்பு. மச்சான் லேப்டாப்பைக் கட்டிலில், மெத்தை மேலேயே வைத்து வேலை பார்ப்பார். எட்டாவது மாதம் விசிறி கிரைண்டர் மாதிரி இரைய ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் போர்வைப் பஞ்சும் புழுதியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. சிப்பு 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்கென்று கூடுதலாகக் கொடுத்த காசைப் புழுதி தின்றுவிட்டது. சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைச் செம்புக்குக் கடத்தும், காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றிய பிறகுதான் பழையபடி ஓடியது.

இதில் மதுரை வெயிலுக்கும் பங்கு உண்டு. ஏசி அறை 24 டிகிரி என்றால், மே மாத மதியம் எங்கள் மாடி அறை 38. சிப்புக்கு வரம்பு அதே 100தான். அதனால் விசிறிக்குக் கிடைக்கும் வெப்ப இடைவெளியில் 14 டிகிரி அப்படியே போய்விடுகிறது. 45 வாட்டைத் தள்ள வேண்டிய விசிறிக்கு அது பெரிய அடி. என்னுடையதிலும் புழுதி சேர்ந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 15 வாட்டைத் தள்ள அரைகுறைக் காற்றே போதும். என் வேலை எக்ஸெல், டைப்பிங், பிரவுசர். இதற்கு எச் வாங்கியிருந்தால் தண்டச் செலவு.

மச்சான் பார்ப்பது கல்யாண வீடியோ எடிட்டிங். அவருக்கு எச்தான் சரி என்று நினைக்கிறேன். ஒரே ஒரு முறை அவர் கிளிப்பை என் லேப்டாப்பில் ஏற்றினேன், திணறிவிட்டது. ஒரு தடவை பார்த்ததை வைத்து அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எச் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், சாதாரண வேலை பார்க்கும் நேரத்திலாவது விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்பில் டர்போ நின்றுவிடும், சூடும் சத்தமும் சட்டென்று இறங்கும். மச்சான் அதைச் செய்யவில்லை. அக்காவின் சப்பாத்திப் பலகையைக் கட்டிலுக்கு எடுத்துப் போய்விட்டார்.