கல்யாண டிவிடியை எடிட்டிங்குக்குக் கொண்டுவர: நேரே இழுக்கலாமா, மேக்எம்கேவியா, ஹேண்ட்பிரேக்கா?

2000-களில் நடந்த கல்யாணம், காதுகுத்து வீடியோக்கள் பல வீடுகளில் இன்னமும் டிவிடியாகத்தான் கிடக்கின்றன. அதிலிருந்து பத்து நிமிடம் வெட்டி அறுபதாம் கல்யாண வீடியோவில் சேர்க்க வேண்டுமென்றால், பலரும் முதலில் சொல்வது வீடியோவை எம்பி4 ஆக மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளை. எனக்கு அது கடைசி வழி.

டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்றொரு ஃபோல்டர். உள்ளே 1 ஜிபிக்கு மிகாத விஓபி ஃபைல்கள் வரிசையாக இருக்கும். ஒரே வீடியோவைத்தான் இப்படித் துண்டு போட்டிருக்கிறார்கள். படம் எம்பெக்-2 முறையிலும், ஒலி பெரும்பாலும் ஏசி-3 முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும்.

இவற்றை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து நேரே டைம்லைனில் இழுத்துப் போடலாம். கெடென்லைவ், ஷாட்கட் என்ற எடிட்டர்கள் இரண்டும், பல வகை வீடியோக்களைப் படிக்கவும் மாற்றவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியை நம்பி ஓடுபவை என்பதால் அலட்டிக்கொள்ளாமல் திறந்துவிடும். தரமும் குறையாது. வினை இருப்பது துண்டு மாறும் இடத்தில். அளவு பார்த்து வெட்டியதே தவிர காட்சி பார்த்து வெட்டியதல்ல. தாலி கட்டும் நேரத்தில் ஒரு ஃபைல் முடிந்து, அடுத்தது தொடங்கும்போது நாதஸ்வரம் ஒரு நொடி விக்கலாம். சில எடிட்டர்களில் படம் வரும், ஏசி-3 ஒலி வராது. ஒரு சின்ன க்ளிப் மட்டும் போதுமென்றால் இந்த வழியே தாராளம்.

முழு டிஸ்க்கும் வேண்டுமென்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள். டிவிடிக்கு இலவசம். துண்டுகளை ஒட்டி ஒரே எம்கேவி ஃபைலாகத் தருகிறது; படத்தை மறுபடி சுருக்குவதில்லை, அதனால் டிஸ்க்கைப் படிக்கும் நேரம்தான் ஆகும். எல்லா எடிட்டரும் எம்கேவியை ஏற்பதில்லை என்பது ஒன்றே குறை. அப்போது எஃப்எஃப்எம்பெக்கில் படத்தை எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் 422 ஆகவும், ஒலியைச் சுருக்காத பிசிஎம் ஆகவும் மாற்றிவிடுவேன். பத்து நிமிடத்துக்குச் சுமார் 3 ஜிபி பிடிக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிட்டால் போயிற்று.

ஹேண்ட்பிரேக் எளிது, எம்பி4 எங்கும் ஓடும். ஆனால் ஏற்கெனவே சுருக்கிய படத்தை இன்னொரு முறை சுருக்குகிறது. எடிட் முடித்து எக்ஸ்போர்ட் செய்யும்போது மூன்றாவது சுருக்கல். அதைவிட என்னை உறுத்துவது அசைவு. நம் ஊரில் வழங்கும் பால் (PAL) என்ற டிவி முறை டிவிடியில் நொடிக்கு 50 அரைப் படங்கள் (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் மட்டும் கொண்டவை). வழக்கமான டீஇன்டர்லேஸ் அவற்றை 25 முழுப் படங்களாக்கிவிடும். ஊர்வலத்தில் ஆடுபவர்களின் கை கால் வெட்டி வெட்டி நகர்வது அதனால்தான். ஒவ்வோர் அரைப் படத்தையும் தனி முழுப் படமாக்கும் பாப் முறையைத் தேர்ந்தெடுத்தால் 50 கிடைக்கும். ஃபிரேம் ரேட்டைக் கான்ஸ்டன்ட் என்று வைக்க வேண்டும், இல்லையென்றால் போகப் போக உதடும் பேச்சும் விலகலாம். படத்தின் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் 18 போதும். போனிலேயே எடிட் செய்கிறவர்களுக்கு ஹேண்ட்பிரேக்கைத்தான் சொல்வேன்.

கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்குகளில் பூட்டு இருக்கும்; அது சட்டம் சம்பந்தப்பட்ட வேறு கதை, இங்கே பேசியது வீட்டு டிஸ்க்குகளை மட்டும்.

அப்புறம், எந்த வழியில் வந்தாலும் முகங்களைப் பாருங்கள். டிவிடியில் பதிவாகியிருப்பது 720×576. 4:3 படமென்றால் திரையில் 768×576 ஆக விரிய வேண்டும். மாப்பிள்ளை கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தால் க்ளிப்பின் பிக்சல் ஆஸ்பெக்ட் (ஒரு புள்ளியின் அகல உயர விகிதம்) அமைப்பைப் பால் 4:3-க்கு மாற்றுங்கள்.