2023-இல் பழுதுபார்த்த வாஷிங் மெஷின் போர்டு இன்றும் ஓடுகிறது

ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில் இருக்கிறோம். முறைவைத்து மின்சாரத்தை வெட்டுவதைத்தான் இங்கே லோட் ஷெடிங் என்கிறோம். தென்னாப்பிரிக்கா கண்ட லோட் ஷெடிங்கிலேயே மோசமான ஆண்டு 2023. ஆறாம் நிலை என்று அறிவித்தால் நாடு முழுவதும் 6,000 மெகாவாட் வரை வெட்டு. ஒரே நாளில் பல முறை மின்சாரம் போகும், வரும். போகும்போது பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை. திரும்பி வரும்போது தெருவிலுள்ள கெய்சர்களும் ஃபிரிட்ஜுகளும் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்கும், மின்னழுத்தம் தடுமாறும். அப்படி மின்சாரம் திரும்பிய ஒரு மாலையில் எங்கள் வாஷிங் மெஷின் அடங்கிப்போனது. விளக்கு எரியவில்லை, பொத்தானை அழுத்தினால் ஒலியும் இல்லை. மின்கசிவு வந்தால் விழும் எர்த் லீக்கேஜ் சுவிட்சும் விழவில்லை. பிளக்கில் 230 வோல்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

வந்து பார்த்த பழுதுபார்ப்பாளர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்றார். மெஷினை இயக்கும் மின்னணுச் சுற்றுப் பலகையைத்தான் போர்டு என்றார். அவர் சொன்ன விலை புது மெஷின் விலையில் பாதியை நெருங்கியது. மோட்டார், டிரம், பம்ப் எல்லாம் நன்றாக இருக்கும் இயந்திரத்துக்கு இப்படித் தீர்ப்பு எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றும் ஏற்கவில்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமா தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தே குடும்பத்தை வளர்த்தவர். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1976-இல்தான் தொடங்கியது. அவர் தொழிலுக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். போர்டைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் சொன்னது எச்சரிக்கை. "தம்பி, இதில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஐந்து வோல்ட் என்று எழுதியிருக்கும் இடத்தைத் தொட்டாலும் மெயின்ஸைத் தொட்ட மாதிரிதான்."

இதைப் பலரும் அறிவதில்லை. பல வாஷிங் மெஷின் போர்டுகளில் மின்வழங்கிப் பகுதி மெயின்ஸிலிருந்து, அதாவது பிளக் வழியாக வரும் மின்சாரத்திலிருந்து, பிரிக்கப்படுவதில்லை. 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறும்போது உச்சம் 325 வோல்ட் வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். மீட்டரை வைத்து அளந்து, ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீண்டும் ஒரு முறை அளந்த பிறகுதான் மாமா கையை வைத்தார். இந்த ஒழுக்கம் கைவராதவர்கள் தயவுசெய்து போர்டைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழுது இருந்த பகுதி ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. மெயின்ஸ் உள்ளே வரும் மூலையில் ஃபியூஸ் போலத் துண்டித்துக்கொள்ளும் ஃபியூசபிள் ரெசிஸ்டர், மின்னழுத்த உயர்வை உள்வாங்கும் வேரிஸ்டர், டையோடு, 400 வோல்ட் கெப்பாசிட்டர், அவற்றுக்குப் பின்னால் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் எல்என்கே 304 என்ற சின்ன ஐசி. எட்டுக் கால் ஐசிக்கு உரிய இடத்தில் இதற்கு ஏழு கால்கள்தாம். உயர் மின்னழுத்தக் காலுக்குப் பக்கத்தில் இடைவெளி கிடைப்பதற்காக ஒரு காலை விட்டிருக்கிறார்கள். ரெசிஸ்டர் துண்டித்திருந்தது. ஐசி உள்ளே ஷார்ட்.

ஐசியையும் ரெசிஸ்டரையும் மாற்றினால் மெஷின் அன்றைக்கே ஓடும். மாமா அதற்கு ஒப்பவில்லை. ஐசி ஏன் செத்தது என்று தெரியாமல் புது ஐசியைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தார். 4.7 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியது ஒன்றைக்கூடத் தொடவில்லை. வெளியே உப்பல் இல்லை, கசிவு இல்லை. பார்த்தால் புத்தம் புதிது. உள்ளே காய்ந்திருந்தது. கெப்பாசிட்டர் காய்ந்தால் மின்னழுத்தம் சீராக நிற்காது, வரும் மின்னழுத்த அதிர்ச்சியை உறிஞ்சவும் ஆளில்லை. எல்லாம் ஐசியின் தலையில் இறங்கும். ஐசி ஷார்ட் ஆனதும் ஃபியூசபிள் ரெசிஸ்டர் தன்னைத் துண்டித்துக்கொண்டு தீப்பிடிக்காமல் காப்பாற்றியிருக்கிறது. அந்த இடத்தில் சாதாரண ரெசிஸ்டரையோ வெறும் கம்பியையோ வைத்து ஒட்டுவது வீட்டோடு விளையாடுவது.

வேரிஸ்டரின் மேல் 471 என்று இருந்தது. 47-க்குப் பின் ஒரு சுழியம், அதாவது 470 வோல்ட். ஒவ்வொரு அதிர்ச்சியையும் தாங்கும்போது இது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். நாங்கள் இருக்கும் ஹைவெல்டு மேட்டுநிலத்தின் கோடை இடிமழையும் லோட் ஷெடிங்கும் சேர்ந்து நம் ஊரில் அதற்கு ஓய்வே இருந்ததில்லை. நன்றாகத் தெரிந்தாலும் அதையும் மாற்றினோம்.

போர்டின் மேல் ஈரம் படாமலிருக்க ஊற்றியிருந்த மென்மையான ஜெல்லை மரக்குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. பொறுமை முழுவதும் செலவானது இந்த வேலையில்தான். திரும்ப மூடுவதற்கு வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோனை வாங்கிவிடாதீர்கள். அந்த அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை வேண்டும். ரிலே என்ற மின்காந்த சுவிட்சுகளின் கால்களைச் சுற்றி ஈயப்பற்றில் வட்டமாக மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. டிரம்மின் அதிர்வில் அவை வரும். மறுபடி பற்றவைத்தோம். முதன்முறை மின்சாரம் கொடுத்தபோது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்தார் மாமா. பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. உள்ளே ஷார்ட் இருந்திருந்தால் அணையாமல் பிரகாசமாக எரிந்திருக்கும்.

பாகங்களுக்கு ஆன செலவு ஒரு வேளை மட்டன் கறிக்கு ஆகும் பணத்தைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகான கதைதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் பழுதுபார்த்த போர்டு நிலைக்காது என்று பலரும் என்னிடம் சொன்னார்கள். 2024 மார்ச் இறுதியில் லோட் ஷெடிங் நிறுத்தப்படும்வரை எத்தனையோ மின்வெட்டுகளை இந்த போர்டு தாண்டியது. 2025 ஜனவரி இறுதியில் அது சிறிது காலம் திரும்பியபோதும் ஒன்றும் ஆகவில்லை. தைப்பூசக் காவடி முடிந்து மஞ்சள் வேட்டிகளும் சேலைகளும் குவியும் வாரத்தில் மெஷின் காலை முதல் இரவுவரை ஓடும். அப்போதும் நடுவில் நின்றதில்லை. மின்வழங்கிப் பகுதியில் அதன்பின் கைவைக்கவே இல்லை.

வேறு ஒரு தொல்லை வந்தது. தொடக்கப் பொத்தான் இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் கேட்டது. அதன் அடியிலிருக்கும் சின்ன அழுத்து சுவிட்ச் தேய்ந்திருந்தது. புதிது ஒன்றைப் பற்றவைத்ததும் தீர்ந்தது.

பழக்கத்தில் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். மின்சாரம் போனதும் பிளக்கைக் கழற்றுகிறோம். திரும்பி வந்து சில நிமிடங்கள் கழித்தே மாட்டுகிறோம். திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு பிளக் ஒன்று இருக்கிறது. அதன் காட்டி விளக்கு அணைந்துவிட்டால் உள்ளே பாதுகாப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள், ஆனால் மின்சாரம் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. மலிவான மல்டி பிளக்கில் இந்த மெஷினை மாட்டுவதை அடியோடு விட்டோம், ஹீட்டர் மட்டுமே ஏறக்குறைய 2,000 வாட் இழுக்கிறது.

இனி எது போகும் என்று கேட்டால், ஹீட்டர் ரிலே என்பேன். ஒவ்வொரு சலவையிலும் அந்தப் பெரிய மின்னோட்டத்தை அது வெட்டி வெட்டி இணைக்கிறது. தொடுமுனைகள் கருகும், சில நேரம் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அதே அளவில் 12 வோல்ட் காயில், 16 ஆம்பியர் ரிலே ஒன்றை வாங்கி மாமாவின் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம்.